கோதுமை பீரும் கஞ்சிப் பழியும்

முதலாளி அம்மா, நீங்கள் சொன்னது பொய். நான் பீரில் கஞ்சி கலக்கவில்லை.

இத்தனை நாள் என் கடையில் கரண்டிகள் நின்ற இந்த உயரமான கண்ணாடித் தம்ளர்தான் சாட்சி. அடி மெலிந்து, மேலே அகன்றிருக்கும். ஜெர்மன் சாமி கொடுத்துவிட்டுப் போனது. செங்கம் சாலையில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில் முதலாளி அம்மா நடத்திய விடுதியில் நான் சமையல்காரி. சாமி வருடாவருடம் வந்து மாடி அறையில் தங்குவார். அவர் ஊர் பீர் ஆலையில் ருசி பார்த்து மதிப்பெண் போடுவதே அவருக்கு வேலையாக இருந்ததாம். அவர் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை, சாமி என்றோம்.

அந்த வருடம் தன் பிறந்த நாளுக்கென்று இரண்டு பாட்டில் கோதுமை பீரும் இந்தத் தம்ளரும் ஊரிலிருந்து கொண்டுவந்திருந்தார். ஆசிரமத் தெருவில் பாட்டில் யார் கண்ணிலும் படக்கூடாது, அடுப்படியிலேயே ஊற்றிக் கொண்டுவா என்பது முதலாளி அம்மாவின் உத்தரவு. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து ஊற்றினேன். கலங்கலாக விழுந்து நுரை பொங்கியது. கூடத்துக்கு எடுத்துப்போனேன். சாமி இன்னும் குளித்துக்கொண்டிருந்தார். விடுதி ஆட்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள், முதலாளி அம்மா தம்ளரைப் பார்த்துக் கேட்டார்:

“இன்னாடி இது? பீர்னா தெளிவா இருக்கும். பாதியக் குடிச்சிட்டு கஞ்சியக் கலந்துட்டியா?”

“நான் ஏம்மா குடிக்கிறேன்? பாட்டில்லயே இப்படித்தான் இருந்துச்சு.”

“பழைய கஞ்சிதாங்க, அதான் நுரைக்குது,” என்று தோட்டக்காரர் எடுத்துக்கொடுத்தார். கூடமே சிரித்தது. கை சுத்தம் என்ற பேர்தான் சமையல்காரிக்குச் சோறு போடுகிறது. அது போனால் எந்த அடுப்படியிலும் ஏற்ற மாட்டார்கள்.

ஈரத்தலையோடு சாமி வந்தார். தம்ளரைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “கலங்கல் நல்லது. கோதுமை. ஈஸ்ட்,” என்றார் தன் அரைத்தமிழில். பாட்டிலில் மிச்சமிருந்ததை உருட்டி, அடியில் தங்கியிருந்த ஈஸ்ட் வண்டலை எழுப்பி, அதையும் ஊற்றினார். நுரை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்தார். முகர்ந்தார், ஒரு மிடறு குடித்தார், நோட்டில் எழுதினார். வாழைப்பழ வாசம் சரி, கிராம்பு வாசம் கம்மி என்றார். பிறகு தம்ளரை என்னிடமே நீட்டினார்.

கோபத்தோடு வாங்கினேன். நன்றாகக் கனிந்த பூவன் பழத்தின் வாசம். குடித்தால் கசப்பு கம்மி, லேசான புளிப்பு, அப்போது சுட்ட ரொட்டியின் ருசி, விழுங்கிய பிறகு லேசாகக் கிராம்பு.

“கிராம்பு இருக்குது சாமி. ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த உடனே மோந்து பாத்தா குருமாவுல கூடத்தான் கிராம்பு தெரியாது. சில்லுப்பு போவட்டும்.”

சாமி தம்ளரை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்துச் சூடேற்றினார். மறுபடி முகர்ந்தார். சிரித்தார். போட்ட மதிப்பெண்ணை அடித்துவிட்டு வேறு எழுதினார். “அம்மா மூக்கு சரி. நான் அவசரம்,” என்றார் என்னைக் காட்டி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

முதலாளி அம்மா மட்டும், “சரி சரி, போய் தோசைய ஊத்து,” என்றார்.

இன்று அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையில், எனக்குச் சொந்தமாக இட்லிக் கடை இருக்கிறது. பௌர்ணமியன்று நிற்க இடம் இருக்காது. முட்டி வலியால் சாமி இப்போது வருவதில்லை என்பதைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் போன மாதம் வேங்கிக்காலில் ஒரு கல்யாணப் பந்தியில், நான் பின்வரிசையில் சாப்பிடுவது தெரியாமல், முதலாளி அம்மா அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் கஞ்சி வந்தது. சிரிப்பு வந்தது. சாமி சொன்னது மட்டும் வரவே இல்லை.

கரண்டிகளை எடுத்துவிட்டுத் தம்ளரைக் கழுவி வைத்திருக்கிறேன். வருகிற பௌர்ணமி கழிந்த மறுநாள் அதை உங்கள் கூடத்துக்கே கொண்டுவருகிறேன். தோட்டக்காரரையும் கூப்பிடுங்கள். அத்தனை பேர் முன்னால் சொல்லுங்கள் அம்மா: நான் கஞ்சி கலந்தேனா, இல்லையா?