டிரைலருக்கு எடை பார்த்த மருந்துக்கடை

ஜீப் நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது. பின்னால் மாட்டியிருந்த டிரைலர்தான் வாலாட்ட ஆரம்பித்தது. நஞ்சன்கூடு ரோட்டில் ஓர் இறக்கம், காலை பதினொன்றே கால் மணி. பக்கத்து சீட்டில் இருந்த செல்வியக்கா டேஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அண்ணா, சாம்பாரு! சாம்பாரு!" என்று கத்தினார். உயிர் போகிற நேரத்தில் சாம்பாருக்காகக் கவலைப்பட்ட ஒருவரை அன்றுதான் பார்த்தேன்.

நான் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் ஃபிட்டராக இருந்தவன். முதலில் கேட், கிரில் செய்தோம். அப்புறம் சாப்பாட்டுக் கடை டிரைலர்களுக்கு ஆர்டர் வர ஆரம்பித்தது. இரண்டே சக்கரம், நடுவில் ஒரே ஆக்ஸில். வாங்கியவர்களுக்கு இழுக்க வண்டி இல்லையென்றால் பட்டறையின் பழைய ஜீப்பில் நானே கொண்டுபோய் விடுவேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் நான் செய்த தப்பையே செய்கிறார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஏற்றியது யார்?

செல்வியக்கா பெரிய கம்பெனி ஒன்றின் கேன்டீனில் பதினோரு வருஷம் சமைத்தவர். வயதில் எனக்கு இளையவர்தான், ஆனால் ஊருக்கே அவர் அக்கா. வேலையை விட்டுவிட்டு, இருந்த நகையெல்லாம் வைத்து டிரைலர் வாங்கியிருந்தார். நஞ்சன்கூட்டில் ஒரு ஃபேக்டரி மேனேஜர், "ஒரு நாள் மதியச் சாப்பாடு போடுங்க. பன்னெண்டரைக்கு ஆளுங்க தட்டோட நிக்கணும். லேட் ஆச்சுன்னா விட்டுடுங்க" என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு நாள்தான் அன்று.

சாமான் ஏற்றும்போது அக்கா கேட்டார்: "அண்ணா, தண்ணி டேங்க், அரிசி குண்டான், சிலிண்டர் எல்லாம் பின்னாடியே வெச்சிட்டீங்களே. ஸ்வல்ப முன்னாடி தள்ளலாமா?"

"அட நீங்க சும்மா இருங்கக்கா. ஜீப்பு பழசு. அது கழுத்து மேல பாரம் ஏத்தக் கூடாதுங்க" என்றேன்.

இது நான் பிறந்த கிராமமான கௌதள்ளியின் புத்தி. எங்கள் வீட்டில் மாட்டு வண்டி இருந்தது. முன்பாரம் ஏறினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும் என்று மூட்டையைப் பின்னால் தள்ளித் தள்ளியே வளர்ந்தவன் நான். ஜீப்புக்கும் கழுத்து வலிக்கும் என்று நினைத்துவிட்டேன். ஹெப்பாளிலிருந்து கிளம்பியபோது ஜீப் பூப்போலப் போனது. "பாத்தீங்களா, பின்னாடி ஒண்ணு வருதுங்கறதே வண்டிக்குத் தெரியலீங்க" என்று பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

தெரியாததுதான் ஆபத்து. முன்னால் பாரம் இல்லாத டிரைலருக்கு இழுக்கிற வண்டியின் மேல் பிடிமானம் கிடையாது. இறக்கத்தில் ஒரு லாரி எங்களை முந்தியதும், அந்தக் காற்றில் டிரைலரின் பின்பக்கம் இடதுபுறம் போனது, வலதுபுறம் வந்தது, ஜீப்பின் முதுகையும் சேர்த்து ஆட்டியது. பிரேக்கை மிதித்தேன். ஆட்டம் இரண்டு மடங்கானது. பயத்தில் பிரேக், ஆக்ஸிலேட்டர் இரண்டிலிருந்தும் காலை எடுத்துவிட்டு ஸ்டீயரிங்கை மட்டும் நேராகப் பிடித்துக்கொண்டேன். அன்று காலையிலிருந்து நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். வேகம் குறையக் குறைய ஆட்டமும் குறைந்து, வண்டி ஓரமாக நின்றது.

மூக்கில் பன்னிரண்டு கிலோ

டிரைலர் கதவைத் திறந்தோம். சாம்பார் பத்திரம். ரசத்தில் பாதி தரையில். அக்கா துணியை எடுத்துத் தரையைத் துடைக்க ஆரம்பித்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. எனக்கு வெட்கமாக இருந்தது.

"நீங்க சொன்னப்பவே கேட்டிருக்கோணுங்க. தப்பு எம்மேலதான்" என்றேன்.

"தப்பு யார் மேலயோ இருக்கட்டும்ணா, மணி பதினொன்றரை. மொதல்ல முதலாளிக்கு போன் போடுங்க."

எங்கள் முதலாளி பசவராஜு கன்னடக்காரர். தமிழையும் தன் கணக்கில் பேசுவார். நடந்ததைச் சொன்னதும், "ஏய் முருகேசா, மூக்குல எஷ்டு வெயிட் இருக்கு?" என்றார்.

"மூக்கா?"

"கொக்கி மேல உக்கார்ற பாரம் கணோ! மொத்த வெயிட்ல பத்துல ஒரு பாகம் அங்க இருக்கணும். எடை பாத்தியா?"

பார்க்கவில்லை. நடுரோட்டில் எதை வைத்துப் பார்ப்பது? அப்போதுதான் எதிரே ஒரு மருந்துக்கடை கண்ணில் பட்டது. வாசலில் ஆள் ஏறி நிற்கிற எடை மெஷின். கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். யாருக்கு எடை பார்க்க வேண்டும் என்று கன்னடத்தில் விசாரித்தார். டிரைலருக்கு என்றேன். மாத்திரை வாங்க வந்தவர்களையும் கூட்டிக்கொண்டு அவரே மெஷினைத் தூக்கி வந்துவிட்டார்.

சமதரையில் டிரைலர் சக்கரங்களுக்குக் கல் வைத்தோம். கொக்கியைக் கழற்றி, ஜீப்பில் மாட்டியிருந்த அதே உயரத்துக்கு ஒரு மரக்கட்டையை மெஷின்மேல் நிறுத்தி, அதில் டிரைலரின் மூக்கை உட்காரவைத்தோம். பன்னிரண்டு கிலோ. கைக்குழந்தை எடை என்று கடைக்காரர் சிரித்தார்.

டேங்க் தண்ணீரை முழுக்கத் திறந்துவிட்டோம். ஃபேக்டரியில் தண்ணீர் கிடைக்கும். அதுவும் போக, பாதி நிறைந்த டேங்க் உள்ளுக்குள் அலையடித்து ஆட்டத்தைக் கூட்டும். நிறைந்திருக்க வேண்டும், அல்லது காலியாக இருக்க வேண்டும். அரிசிக் குண்டானை ஆக்ஸிலுக்குச் சற்று முன்னால் வைத்துக் கட்டினோம். சிலிண்டர்களை முன்பக்கச் சுவரோடு நிற்கவைத்து பெல்ட் போட்டோம். தண்ணீர் போனபின் மொத்தம் எழுநூறு கிலோ வரும். மூக்கு எழுபது காட்ட வேண்டும். எழுபத்திரண்டு காட்டியது.

செல்வியக்கா வாய்விட்டுச் சிரித்தார். "ஐயோ தேவ்ரே! அது என் வெயிட்ணா!"

மீதி தூரமும் டிரைலர் பின்னாலேயே ஒழுங்காக வந்தது. ஃபேக்டரி கேட்டில் நுழையும்போது பன்னிரண்டு இருபது. ரசம் கேட்டவர்களுக்கெல்லாம் அக்கா மோர் ஊற்றி, "இன்னிக்கு மோர்தான் ஸ்பெஷல்" என்று அடித்துவிட்டார். மேனேஜர் இரண்டு தடவை சாம்பார் வாங்கிக்கொண்டு, "நாளைக்கும் வாங்கம்மா" என்றார். நான் ஜீப்புக்குப் பின்னால் போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஓர் ஆளின் பதினொரு வருஷத்தை என் மாட்டு வண்டிப் புத்தியால் கவிழ்க்கப் பார்த்திருந்தேன்.

ஆயுத பூஜை

அதன்பின் பட்டறையில் செல்வியக்காவின் எடையே அளவாகிவிட்டது. டிரைலர் கிளம்பும்முன் யாராவது, "முன்னாடி செல்வியக்கா உக்காந்தாச்சா?" என்று கேட்பார்கள். ஒருவர் கொக்கிப் பக்கம் கையால் தூக்கிப் பார்த்து, "உக்காந்தாச்சு" என்பார். மெஷினைத் தேடிப் போகிற வேலை மிச்சம்.

மூன்றாம் வருஷம் அக்கா இரண்டாவது டிரைலருக்கு ஆர்டர் கொடுத்தார், இன்னும் பெரிதாக. ஆயுத பூஜை அன்று டெலிவரி எடுக்க வந்தவர் காதில் இந்தக் கேள்வி விழுந்துவிட்டது. விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பார் என்று நினைத்தோம். பூஜைக்குப் பட்டறைக்கென்று வாங்கி வந்திருந்த ஓர் அட்டைப் பெட்டியைப் பையிலிருந்து எடுத்தார். உள்ளே புது எடை மெஷின். தரையில் வைத்து அவரே ஏறி நின்றார். அறுபத்தொன்று.

"கடை வெச்சதுக்கு அப்புறம் ஓடி ஓடி எளைச்சுப் போய்ட்டேன்ணா. டிரைலரும் இப்ப பெரிசு. என்னை நம்பி ஏத்தாதீங்க, இதை நம்புங்க."

பசவராஜு அந்த மெஷினுக்குத்தான் முதலில் சந்தனம் குங்குமம் வைத்தார். நான் அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் புது டிரைலரின் மூக்குக்குக் கீழே வைத்தேன்.