எதிர்ப்புறத்தில் நின்ற மகள்

வேடிக்கை பார்த்தாள் என்று மட்டும் சொல்லாதீர்கள். சின்னராசுவின் உடல் புக்கிட் பாத்தோக் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் சடங்குக்காகக் கிடத்தப்பட்டிருந்தபோது, அவர் பெற்ற மகள் அனிதா எதிரே பஸ் ஸ்டாப்பில் நின்றாள். உண்மைதான். ஐந்து மணி நேரம் நின்றாள். அதுவும் உண்மைதான். "கல்நெஞ்சுக்காரி லா, அப்பனுக்கு வாய்க்கரிசி போடக்கூட வரல" என்று மூன்றாம் மாடிக்காரி லிஃப்டில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். சொல்லட்டும். அனிதா வேடிக்கை பார்க்கவில்லை. அனுமதிக்குக் காத்திருந்தாள்.

தேக்காவில் துணி திருத்தும் கடையில் அவளுக்கு வேலை. வாய் நிறையக் குண்டூசி. அவற்றின் இடுக்கு வழியாகவே பேசுவாள்: "நிமிந்து நில்லுங்கண்ணே, குனிஞ்சா கால்சட்டை பொய் சொல்லும்." கத்தரி வைக்குமுன் இரண்டு தடவை அளப்பாள். ஏழாம் மாதத்தில் வயிற்றுப் பிள்ளை தங்காமல் போனது, புருஷனும் விட்டுவிட்டுப் போய்விட்டான். "அழாத, அடுத்தது பொறக்கும்" என்றது ஊர். தெம்பனிஸில் வியாழக்கிழமைதோறும் பஜனை நடக்கும் வீட்டில் மட்டும், ஐயா என்று எல்லோரும் அழைக்கும் ஒருவர், "நல்லா அழும்மா" என்றார். நம்மில் யார் அப்படிச் சொன்னோம்? அதையும் நினைத்துப் பாருங்கள்.

அழவிட்டவர் பிறகு அங்கேயே தங்கச் சொன்னார். அதன்பிறகு எதற்கும் தன்னைக் கேட்கச் சொன்னார். "சொந்தப் புத்திதான்மா உன் வியாதி" என்றார். "ஐயா, டீ குடிக்கலாமா?" என்று போனில் தட்டிவிட்டு உட்கார்ந்திருப்பாள், பதில் வருவதற்குள் டீ ஆறிவிடும்.

"ஏம்மா, தும்முறதுக்கும் கேக்கணுமா?" என்று சிரிப்பார் கடைக்காரர் நூருல் அமீன். அவள் சிரிக்கமாட்டாள். குண்டூசிகளை எடுத்து வைத்துவிட்டு நிஜமாகவே யோசிப்பாள்.

ஒருமுறை கேட்காமல் அம்மாவுக்குப் போன் போட்டாள். அந்த வியாழன் எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்து, தன் தவற்றைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது. பிறகு ஒரு வாரம் அந்த வீட்டில் ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்பா இறந்த காலையிலும் கேட்டாள்: "ஐயா, அப்பா தவறிட்டாரு. போகலாமா?" பதில் இல்லை. மனசு கேட்காமல் ரயிலேறி வந்துவிட்டாள். சாலையைக் கடக்க மட்டும் கால் வரவில்லை. மேளம் கேட்டது. அம்மா ரத்தினம்மாவின் ஓலம் கேட்டது. இரண்டரை மணிக்கு வண்டி மண்டாய் சுடுகாட்டுக்குப் புறப்பட்டது. ஐந்து மணிக்குப் பதில் வந்தது.

"போய்ட்டு வாம்மா."

பதினாறாம் நாள் வியாழக்கிழமையில் வந்தது. அன்று மாலை வீட்டில் அப்பாவுக்குப் படையல். "எவ என்ன பேசினா என்ன, நீ வாடி. நீ வந்தாத்தான் இலை போடுவேன்" என்று அம்மா போனில் குரல் பதிவு அனுப்பியிருந்தாள். அனிதா அதை நாலைந்து தடவை கேட்டாள். ஐயாவிடம் எதுவும் கேட்கவில்லை.

பஜனை பாதியில் எழுந்தாள். ஐயா கண் மூடியிருந்தார். பக்கத்தில் இருந்த வர்ஷா அவள் முந்தானையைப் பிடித்தாள்.

"அக்கா, எங்க போறீங்க? ஐயாகிட்ட கேட்டீங்களா?"

"கேக்கல."

"பாவம் வந்து சேரும்க்கா."

"வரட்டும்."

முந்தானையை விடுவித்துக்கொண்டாள். வாசலுக்கு வந்தாள். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இரும்பு கேட் மோதி அவர்களுடைய பிரார்த்தனை கலைந்துவிடக் கூடாதென்று, அதை இரண்டு கைகளாலும் பிடித்து, சத்தமே வராமல் மெல்லச் சாத்தினாள்.