பென்சில் கோட்டின் மேல் ஓர் ஆணி

நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. வெள்ளிக்கிழமை காலை, குருநகர் மீன்கார அக்கா தன் சைக்கிள் பெட்டியைக் கொண்டுவந்தார். அதற்குள் பொருந்துகிற மாதிரி அலுமினியத் தகட்டில் ஒரு தட்டம் மடித்துக் கொடுக்க ஒப்புக்கொண்டேன்.
2. தகட்டின் நாலு பக்கத்துக்கும் பென்சிலால் மடிப்புக் கோடு போட்டேன். இரண்டு பக்கத்தை மடித்தேன்.
3. வந்தவர்களுக்குத் தேநீர் போடக் குசினிக்குப் போனேன்.
4. திரும்பி வந்தபோது மீதி இரண்டு கோடுகளும் ஆணியால் கீறப்பட்டிருந்தன.
5. நாலாவது பக்கத்தை மடிக்கும்போது தகடு வெடித்தது.
6. என் அடிதான் பிழை என்று தீர்ப்பாயிற்று.

முதல் ஐந்தையும் மறந்துவிடலாம். ஆறாவதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

போர்க்காலப் பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லை. அதனால் மானிப்பாயில் எங்கள் கராஜில் காரும் இல்லை. கார் நின்ற இடத்தில் என் மேசை நிற்கிறது. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்த நான், இரண்டு இரும்புச் சட்டங்களும் ஒரு மரச் சுத்தியலும் வைத்து, வீட்டுக்கு வேண்டிய தகட்டுச் சாமான்களைச் செய்துவந்தேன். வெளியாள் ஒருவர் கேட்டு வந்த முதல் வேலை இந்தத் தட்டம்.

அக்கா விடியற்காலையில் குருநகரில் மீன் எடுத்து எங்கள் ஒழுங்கைகளில் விற்பவர். அவருடைய பெட்டி பலகைப் பெட்டி. மீன் தண்ணீர் ஒழுகிச் சைக்கிள் சங்கிலி கறள் பிடித்துவிட்டது. பலகையில் ஊறிய நாற்றத்தால், அன்று பிடித்த மீனையும் பழசு என்று சனம் திருப்பி அனுப்பியது. வெள்ளிக்கிழமை எங்கள் பக்கத்துச் சைவ வீடுகளில் மீன் வாங்கமாட்டார்கள். ஆகவே அன்று பெட்டியை விட்டுவைக்கலாம். சனிக்கிழமை விடிய அது அவருக்கு வேண்டும்.

இருந்த தகடும் ஒன்றுதான். பழைய பஸ் ஒன்றின் பக்கத் தகடு. அப்படியே மடித்தால் வெடிக்கிற அளவு விறைப்பு. சவர்க்காரம் பூசி, சிரட்டைக் கரி நெருப்பில் பிடித்து, சவர்க்காரம் கருத்தவுடன் எடுத்து ஆறவிட்டால் தகடு இளகும். அதையும் செய்தேன்.

"சனம் சவர்க்காரம் கிடையாமல் பனங்களியிலை உடுப்புத் தோய்க்குது. நீ தகட்டுக்குச் சவர்க்காரம் பூசு," என்றுவிட்டு அம்மா கிணற்றடிக்குப் போனார்.

அக்காவோடு, பெட்டியைச் செய்த ஓடாவியாரும் வந்திருந்தார். வள்ளம் கட்டுகிற தச்சர் அவர். கரையை விட்டு ஆழ்கடலுக்குப் போகத் தடை என்பதால் வள்ள வேலை இல்லை. மற்றவர்களின் வேலையை மேற்பார்வை பார்க்க அவருக்கு நேரம் இருந்தது.

"பிள்ளை, வந்த ஆக்களுக்குத் தேத்தண்ணி இல்லையோ?" என்று அவர்தான் கேட்டார். சுத்தியலை வைத்துவிட்டுப் போனேன். மேசையில் பாதி வேலை கிடக்க, ஆண் ஒருவரை யாரும் தேநீர் போட அனுப்பியிருக்கமாட்டார்கள்.

வந்து பார்த்தால் அவர் கையில் ஆணி.

"உந்தப் பென்சில் கோடு ஒண்டும் தெரியேல்லைப் பிள்ளை. அதுதான் வடிவாக் கீறி விட்டனான்."

மரத்தில் அது சரி. கீறிய கோட்டில் உளி வழுக்காமல் நிற்கும். தகட்டில் கீறல்தான் வெடிப்பின் தொடக்கம். மடிக்கும்போது வெளிப்பக்கம் இழுபடும். இழுபடும் இடத்தில் கீறல் இருந்தால் அதிலேயே பிரியும். அவர் கீறியது வெளிப்பக்கத்தில். தகட்டைப் புரட்டிக் கீறலை உள்ளே விடலாம் என்றால், இரண்டு பக்கம் ஏற்கனவே மடித்தாயிற்று.

"அண்ணை, தகட்டிலை கீறக்கூடாது. வெடிக்கும்."

"நாப்பது வருசமா நான் கீறின கோட்டிலை ஒண்டும் வெடிக்கேல்லை."

"அது மரம்."

"மரமெண்டா என்ன, தகடெண்டா என்ன? கோடு கோடுதானே."

மண்தாளால் இரண்டு கீறல்களையும் தேய்த்தேன். ஒன்று முற்றாக மறைந்தது. மற்றது ஆழம். இன்னும் தேய்த்தால் தகடு மெலிந்துவிடும் என்று பாதியில் நிறுத்தினேன். மறைந்த கோட்டில் தகடு ஒழுங்காக மடிந்தது.

"பாருங்கோவன், நான் கீறின கோட்டிலை எவ்வளவு வடிவா மடியுது," என்றார் ஓடாவியார் அக்காவிடம்.

நாலாவதை இன்னும் மெதுவாகத் தட்டினேன். அரைவாசி மடிந்தபோது, நடுவில் நாலு விரல் நீளத்துக்குப் பிளந்தது.

"பொம்பிளைப் பிள்ளையின்ரை அடி. ஓரிடத்திலை விழாது."

அக்கா தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். கிணற்றடியில் இருந்து வந்த அம்மா, "நான் அப்பவே சொன்னனான்," என்றார். அவர் சொன்னது சவர்க்காரத்தைப் பற்றி மட்டும்தான்.

வெடிப்பு கீறலோடு நேராக ஓடியிருந்தது. சுத்தியலடியால் வெடித்தால் அப்படி நேராக ஓடாது. விரல் வைத்துக் காட்டினேன். யாரும் குனிந்து பார்க்கவில்லை.

பிறகு வேலையைப் பார்த்தேன். வெடிப்பு மேலும் ஓடாமல் அதன் இரு முனையிலும் துளை போட்டேன். வெட்டி மிஞ்சிய துண்டை மேலே வைத்து, அலுமினியக் கம்பித் துண்டுகளை ஆணி போல அடித்துத் தறைந்தேன். இடையில், வள்ளத்துக்குப் பூசுகிற தாரான கீலைப் பூசினேன். பெட்டிக்குப் பூச ஓடாவியார் கொண்டுவந்திருந்த கீல் அது. கேட்டவுடன் கொடுத்தார். அதை மறைக்கமாட்டேன். மூலைகளையும் அப்படியே அடைத்துத் தண்ணீர் நிரப்பினேன். பின்னேரம் வரை ஒரு சொட்டும் விழவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா தனியே வந்தார். இன்னும் இரண்டு பேருக்குத் தட்டம் வேண்டுமாம். 'நான் கோடு கீறிக் குடுப்பன், பிள்ளை மடிக்கும்' என்று ஓடாவியார் குருநகரில் சொல்லித் திரிகிறாராம்.

"அண்டைக்கு அவர் கீறினதை நீங்கள் பாத்தனீங்கள்தானே அக்கா?"

"ஓம் தங்கச்சி. பக்கத்திலை நிண்டு பாத்தனான்."

"ஏன் சொல்லேல்லை?"

"பெட்டியைச் சும்மா செய்து தந்த மனிசன். அவரின்ரை முகத்துக்கு நேரை என்னெண்டு சொல்லுறது? உனக்கெண்டா விளங்கும்."

விளங்கத்தான் செய்தது. கோபம் அதனால் குறையவில்லை.

இரண்டு தட்டங்களையும் செய்ய ஒப்புக்கொண்டேன். தகடு அவர்களே தேடிக் கொண்டுவர வேண்டும். கோடு நான் போடுவேன், பென்சிலால். நாலு பக்கமும் மடித்து முடியும்வரை தேநீர் இல்லை. இதை அக்காவிடம் சொல்லி அனுப்பினேன்.

தகடு இன்னும் வரவில்லை. அக்காவின் பெட்டி ஒழுகவில்லை. மீனை இப்போது யாரும் திருப்பி அனுப்புவதில்லை. தகடு வெடித்தது என் அடியால்தான் என்று ஓடாவியார் இன்றும் சொல்கிறார். அவர் அன்று விட்டுப்போன ஆணி என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.