'இல்லை'ன்னு சொல்லக்கூடாத சாஃப்ட்வேர்

சாஃப்ட்வேர் தொழில்ல புதுசா எழுதுறது ஒண்ணும் கஷ்டம் இல்லீங்க, முன்னாடி எழுதினவன் விட்டுட்டுப் போனதைத் தொடுறதுதான் கொடுமை. அடுத்தவன் எழுதின கோடிங்ல மாட்டிக்கினு முழிக்கிறவங்களே, உங்ககிட்டதான் சொல்றேன்.

நான் காலேஜ் கடைசி வருஷம். ஆரணியில ஒரு பட்டு முதலாளி தறிக்காரங்களுக்குத் தறியில ஏத்துற பாவு நூல், ஜரிகை குடுக்கிறதைப் பாத்துக்க ஒரு சாஃப்ட்வேர் வெச்சிருக்காரு. எழுதினது என் சீனியர். அதைச் சரிபண்றதுதான் என் ப்ராஜெக்ட். மார்க் போடுற காலேஜ் சார் கடைக்கே வந்து பாப்பாரு. ஓடலைன்னா நான் ஃபெயில்.

ஒரே பட்டன்

ஜரிகைக் கணக்கு, ஸ்டாக் கழிக்கிறது, ரசீது அடிக்கிறது எல்லாத்தையும் 'குடு'ன்ற ஒரே பட்டனுக்குள்ள திணிச்சு வெச்சிருந்தான். ஸ்கிரீன் தனி, கணக்கு தனின்னு பாடத்துல நடத்துன அன்னிக்கு இவன் லீவு போல. போன் போட்டு, "ஏண்ணா, தனியா எழுதியிருந்தா கை தேஞ்சா போயிருக்கும்?"னு கேட்டேன். சோறு தின்னுகினே சொன்னான்: "பட்டன அழுத்துனா வேலை நடக்குது இல்ல, அப்புறம் உனக்கு இன்னா பேஜாரு?"

மேல இருந்து ரெண்டாவது

என்ட்ரி போடுற அக்கா, ஜரிகை எடை போடுற பெட்டியைப் பட்டு எடைக்கு மேல வெக்கச் சொன்னாங்க. நியாயமான ஆசை. நகத்தினேன். நம்ம ஆளு, மேல இருந்து ரெண்டாவது பெட்டி எதுவோ அதுதான் ஜரிகைன்னு எழுதி வெச்சிருக்கான். பட்டோட எடை பூரா ஜரிகையா ரசீதுல வந்துது. அக்கா படிச்சுட்டு நிதானமா சொன்னாங்க: "இவ்ளோ ஜரிகை போட்டா இந்தப் புடவையைக் கட்டிக்கினு நடக்க முடியாதும்மா, மூலையில நிக்க வெச்சுப் பாக்கலாம்."

இல்லை

சரக்கு தீந்தா ஸ்கிரீன் செவப்புல 'இல்லை'ன்னு காட்டும். கடையில அந்த வார்த்தையை யாரும் சொல்ல மாட்டாங்க, 'வரும்'னுதான் சொல்லுவாங்க. காலங்காத்தால மிஷினு மூஞ்சிக்கு நேரா இல்லைங்குதேன்னு முதலாளிக்குக் கடுப்பு. ஒரு வார்த்தைதானேன்னு 'வரும்'னு மாத்திட்டேன்.

மறுநாள் தீந்துபோன ஜரிகைக்கும் ரசீது வந்துச்சு. அதை நம்பி அக்கா போன் பண்ண, சந்தவாசல்ல இருந்து ஒரு தறிக்காரர் பஸ் ஏறி வந்துட்டாரு. தோண்டிப் பாத்தா, அந்தப் பட்டன் ஸ்டாக்கையே பாக்கல. ஸ்கிரீன்ல 'இல்லை'ன்ற எழுத்து இருக்கான்னு மட்டும் பாத்துகினு இருந்திருக்கு. எழுத்து போச்சு, ஜரிகை வந்துடுச்சுன்னு முடிவு பண்ணிடுச்சு. நான் விளக்க விளக்கக் கேட்டுகினு இருந்த தறிக்காரர் கடைசியா சொன்னாரு: "தறியில பாவு ஏத்திட்டு வந்திருக்கேன், உன் ஸ்கிரீனு இன்னா சொன்னா எனக்கு இன்னாம்மா, ஜரிகை எங்க?"

சார் வந்த அன்னிக்கு

அதுக்கப்புறம் கணக்கு மொத்தத்தையும் பட்டன்ல இருந்து பிடுங்கித் தனியா வெச்சேன். ஸ்கிரீன் கேக்கும், கணக்கு பதில் சொல்லும், அவ்ளோதான் உறவு.

சார் வந்து உக்காந்தாரு. அந்த நேரம் பாத்து முதலாளி, "அந்தப் பட்டன அரக்கு கலர்ல பெருசா போடும்மா, சார் பாக்கட்டும்"னாரு. மாத்துனேன். சார் வேணும்னே தீந்துபோன ஜரிகையைத் தேர்ந்தெடுத்து 'குடு'வை அழுத்துனாரு. ஸ்கிரீன் 'வரும்'னு சொல்லிட்டுக் கம்முனு நின்னுச்சு. ரசீது வரல. மறுபடி அழுத்துனாரு. அசையல. சார் சிரிச்சுகினே, "பாஸ்"னாரு. முதலாளி ஸ்கிரீனையும் என்னையும் மாத்தி மாத்திப் பாத்தாரு: "ஒண்ணுமே நடக்கலையேம்மா, இதுக்கா பாஸு?"

ஆக, நம்ம தொழில்ல ஒழுங்கா வேலை செஞ்சதுக்குக் கெடைக்கிற ஒரே சர்டிபிகேட்டு, நாம ஒண்ணுமே செய்யலைன்னு முதலாளி நம்புறதுதான்.