வலது காலுக்கு மட்டும் வைத்தியம்

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். மெதுவாகத்தான் எழுத வரும். அவசரக்காரர்கள் வேறு எதையாவது படித்துக்கொள்ளலாம். கால் இருக்கிறவர்கள் உட்காருங்கள்.

1. பேசின் கைக்கு வந்த நாள்

ஆவடியில் ஒரு டாக்டரம்மாவின் கிளினிக்கில் எண்பதுகளில் வேலைக்குச் சேர்ந்தேன். பெருக்கவும் துடைக்கவும்தான் எடுத்தார்கள். முதல் நாள் பார்த்து டிரெஸ்ஸிங் போடும் பெண் வரவில்லை. டாக்டரம்மா ஒரு எனாமல் பேசினை என் கையில் கொடுத்து, ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த ஃபேக்டரி ஆள் ஒருவரைக் காட்டினார்.

"அவர் காலைக் கழுவித் துடைச்சு வை ரோசம்மா. மூக்கைப் பொத்தாத. அவருக்கு மனசு கஷ்டப்படும்."

பொத்தவில்லை. பொத்தாததால் ஒரு வித்தை கைவந்தது. ஈர விரலிடுக்குக்கு ஒரு வாடை, சீழுக்கு வேறு வாடை. போகப் போக, ஆள் வாசலில் நிற்கும்போதே எனக்குத் தெரிந்துவிடும். டாக்டரம்மா என்னை டிரெஸ்ஸிங்குக்கே மாற்றிவிட்டார். அதற்குப் பிறகு யாராவது "ஆயா" என்று கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்ப்பதில்லை.

வந்ததெல்லாம் பூட்ஸ் கால்கள். காலையில் நைலான் சாக்ஸில் நுழைந்து, சாயங்காலம் வேகவைத்த கிழங்கு மாதிரி வெளியே வரும். விரலிடுக்கில் சேற்றுப்புண், குதிகாலில் வெடிப்பு. காலாணி வந்தால் சவர பிளேடால் தாங்களே செதுக்கிக்கொண்டு, ரத்தத்தோடு வருவார்கள். நான் எல்லோருக்கும் ஒரே பாட்டைத்தான் பாடுவேன். கழுவுவது பெரிய காரியமில்லை, விரலிடுக்கைத் துடைப்பதுதான் காரியம். எண்ணெயோ களிம்போ குதிகாலுக்குப் போடு, விரலிடுக்கில் போடாதே. பருத்தி சாக்ஸ் வாங்கு, தினமும் மாற்று. பூட்ஸை உதறிவிட்டுப் போடு. தலையை ஆட்டுவார்கள். அடுத்த வாரமும் அதே காலோடு வருவார்கள்.

2. விரிசலை அடைத்த ஃபிட்டர்

அந்தோணிசாமி வந்தது தொண்ணூறுகளில், ஒரு தவக்காலத்தின், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பின், தொடக்கத்தில். ராணுவ ஃபேக்டரியில் ஃபிட்டர். குமணன்சாவடியில் பிறந்து வளர்ந்து, ஆவடி குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்தவர். எங்கள் கோயில்தான். சர்க்கரை வியாதி உண்டு. அதை விருந்தாளி மாதிரி நடத்துவார், வந்தால் வரட்டும், போனால் போகட்டும் என்று.

வலது பூட்ஸை மட்டும் கழற்றிக் காலை நீட்டினார். குதிகாலைத் தொட்டுப் பார்த்தேன். கல். சாம்பல் நிறத்தில் வழவழவென்று ஒரு கல்.

"இன்னா அந்தோணி இது?"

"வெடிப்பு இருந்திச்சு யக்கா. அடைச்சுட்டேன்."

"எதை வச்சு அடைச்ச?"

"பைப் லீக் அடைக்கிற பசை கீதுல்ல, ரெண்டு உருண்டையப் பெசஞ்சு அப்புறது. அதான். எமரி பேப்பர் போட்டு ஃபினிஷிங் குடுத்துகீறேன், தடவிப் பாரு. விரிசல்னா எல்லாம் விரிசல்தானக்கா. ஃபேக்டரில நான் அடைக்காத விரிசலா?"

"பைப்பு நடக்காதுய்யா. நீ நடக்குற."

நடந்ததால்தான் வந்திருந்தார். பசை அசையவில்லை, அதன் ஓரத்தில் தோல் கிழிந்து ரத்தம் கட்டியிருந்தது. ஏன் இந்த வேலை என்று கேட்டதற்கு, கூட வந்திருந்த அவர் மனைவி ஸ்டெல்லா பதில் சொன்னாள்.

"இந்த வருசம் பாதம் கழுவுறதுக்கு இவரு பேரு வந்துகீதுக்கா."

கோயிலுக்குப் போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஈஸ்டருக்கு முந்தைய வியாழக்கிழமை, பெரிய வியாழன் பூசையில், இயேசு சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்து, சாமியார் பங்கு மக்களில், அதாவது அந்தக் கோயிலைச் சேர்ந்தவர்களில், பன்னிரண்டு பேரைப் பீடத்தின் முன் பெஞ்சில் உட்காரவைத்துக் கால் கழுவுவார். கழுவித் துடைத்து, குனிந்து காலில் முத்தமும் கொடுப்பார். அந்தப் பெஞ்சுக்கு அந்தோணிசாமி பல வருடமாக ஏங்கிக்கொண்டிருந்தார். முந்தின வருடம் ஸ்டெல்லாவின் அண்ணன் உட்கார்ந்துவிட்டான். அன்றிலிருந்து அவன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் காலை டீப்பாயின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு, "மச்சான், பாதர் முத்தம் குடுத்த காலு" என்பானாம்.

"அவன் முன்னால வெடிப்புக் காலை நீட்ட முடியுமா யக்கா? பெரிய வியாழனுக்குள்ள என் காலு பளபளன்னு ஆவணும்."

டாக்டரம்மா பார்த்து மருந்து எழுதினார். தினமும் சாயங்காலம் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்து, களிம்பு தடவி, பசையை உரிய விட்டேன். பிய்த்து இழுக்கக் கூடாது, தோலும் சேர்ந்து வரும். விரலிடுக்குச் சேற்றுப்புண்ணுக்கு நான் ஊதா மருந்தை எடுத்தபோது மட்டும் எழுந்து ஓடப் பார்த்தார்.

"அய்யோ வேணா யக்கா. பாதர் வாயெல்லாம் ஊதாவாப் பூடும்."

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே வெள்ளைக் களிம்புக்கு மாற்றினார். பாதித் தவக்காலம் போவதற்குள் அந்த வலது கால் பிள்ளைக் கால் மாதிரி ஆகிவிட்டது. ஸ்டெல்லாவின் அண்ணன் கால் அதன் பக்கத்தில் நிற்காது. எனக்கே கொஞ்சம் கர்வம்தான்.

3. கழற்றாத பூட்ஸ்

ஆனால் ஒன்று. அத்தனை நாளும் இடது பூட்ஸை அவர் கழற்றவே இல்லை.

"அந்தக் காலையும் காட்டு" என்றால், "அது நல்லாத்தான் கீது யக்கா, வலியே இல்ல. வலிச்சா சொல்லமாட்டனா?" என்பார். சர்க்கரைக்காரர் வலி இல்லை என்று சொன்னால்தான் எனக்குப் பயம். ஸ்டெல்லாவைத் தனியாகக் கேட்டேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"பாதர் வலது காலை மட்டுந்தான கழுவுவாரு? அதனால அந்தக் காலுக்கு மட்டும் வைத்தியம் போதும்னுட்டாருக்கா. அதுக்குத்தான் எண்ணெய், அதுக்குத்தான் பருத்தி சாக்ஸு. இடது காலுக்குப் பழைய நைலான்தான்."

ஒரு சாயங்காலம் அவர் உள்ளே வந்ததும் என் மூக்கு தானாக இடது பக்கம் திரும்பியது. ஈர வாடை இல்லை, மற்றது. டாக்டரம்மா உள்ளே வேறு ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கெஞ்சினால் இந்த மனிதர் கழற்றமாட்டார். நான் பேசினைக் கழுவிக்கொண்டே, யாரிடமோ சொல்வது மாதிரி சொன்னேன்.

"புது பாதர் இந்த வருசம் ரெண்டு காலையும் கழுவப் போறாராமே."

"யாரு சொன்னா?"

"பேசிக்கிறாங்க."

பேசிக்கொண்டது நானும் என் நாக்கும்தான். அந்தோணிசாமி முகம் வெளுத்தது. குனிந்து இடது பூட்ஸை இழுத்தார். பூட்ஸ் வந்தது, சாக்ஸ் வரவில்லை. காலோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் விட்டு நனைத்து எடுத்தேன். பெருவிரலுக்கு அடியில் புண், அதன் நடுவில் என்னவோ மின்னியது. லேத் பிசிறு. மெஷினில் இரும்பைச் சீவும்போது சுருள் சுருளாக விழுமே, அது. பூட்ஸுக்குள் விழுந்து, காலுக்குள் ஏறி, அங்கேயே குடியிருக்கிறது. அதன் மேல் நடந்து தினமும் வேலைக்குப் போய் வந்திருக்கிறார், தெரியவில்லை.

டாக்டரம்மா அதை எடுத்துக் கிண்ணத்தில் போட்டபோது டிங் என்று கேட்டது. பிறகு நிதானமாகச் சொன்னார்.

"இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா விரல் போயிருக்கும் அந்தோணிசாமி. ஒருவேளை காலும். லீவு போடுங்க. தினமும் டிரெஸ்ஸிங். ஆறுற வரைக்கும் இந்தக் காலில் தண்ணி படக் கூடாது."

"அப்ப பெரிய வியாழன் டாக்டர்?"

டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. விரல் போயிருக்கும் என்றதற்குக் கலங்காத மனிதர், கண் கலங்கிப்போய் என்னைப் பார்த்தார்.

"எடத்தை உட்டுட்டா மறுபடியும் என் மச்சான்தான் குந்துவான் யக்கா. நாளைக்குப் போயி, இந்தக் காலுல மட்டும் தண்ணி ஊத்தாதீங்கன்னு பாதர்கிட்ட சொல்லிடுறேன்."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் மறுநாளே இடது கால் மறுபடியும் நைலானுக்குள் போய்விடும். அதனால் அவருக்கு முன்னால் நான் சாமியாரைப் பார்க்கப் போனேன். இளவயதுக்காரர், அந்த வருடம்தான் எங்கள் பங்குக்கு வந்தவர். முழுவதையும் கேட்டார்.

"பொய்யும் சொல்லிட்டு, என்னையும் அதில் கூட்டு சேர்க்கிறீங்களாம்மா?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் பாதர். அந்தோணி வந்தா, 'வாங்க, பாத்துக்கலாம்'னு மட்டும் சொல்லுங்க. அது பொய் இல்லையே."

யோசித்தார். பெரிய வியாழனுக்குத் துடைக்கும் துண்டுகளை எல்லாம் நான் துவைத்துத் தர வேண்டும் என்று எனக்குத் தண்டனை கொடுத்தார். அந்தோணிசாமியிடம் "வாங்க, பாத்துக்கலாம்" என்றார்.

அதன் பிறகு அவர் ஒரு நாள்கூட டிரெஸ்ஸிங்குக்குத் தவறவில்லை. மாத்திரையை நேரத்துக்குப் போட்டார். ஃபேக்டரிக்கு லீவும் போட்டார். புண் மெல்லச் சுருங்கியது.

4. பெஞ்சில்

பெரிய வியாழன் அன்று அந்தோணிசாமி வெள்ளை வேட்டியில், வலது கால் பளபளக்க, இடது காலில் நான் கட்டிய புதுக் கட்டோடு உட்கார்ந்திருந்தார். பெண்கள் பக்கம் இரண்டாவது வரிசையில் நான். ஸ்டெல்லாவின் அண்ணன் தூணோரம் நின்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாமியார் வந்தார். வலது காலில் தண்ணீர் ஊற்றினார், துடைத்தார், முத்தம் கொடுத்தார். அந்தோணிசாமி கட்டுப் போட்ட இடது காலைத் தயங்கித் தயங்கி முன்னால் நகர்த்தினார். சாமியார் அதைப் பார்த்துவிட்டு, முன்வரிசைக்குக் கேட்கிற குரலில் சொன்னார்.

"அது ரோசம்மா டிபார்ட்மெண்ட்."

அடுத்த ஆளுக்கு நகர்ந்துவிட்டார். அந்தோணிசாமி அடுத்தவரைப் பார்த்தார், அதற்கடுத்தவரைப் பார்த்தார். எல்லோரும் வலது காலை மட்டும்தான் நீட்டினார்கள். பிறகு அவர் கண் பெண்கள் பக்கம் என்னைத் தேடியது. நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு வேகமாக எனக்குப் படிக்க வராது. ஆனாலும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டார்.

"தவக்காலத்துல பொய் சொல்லிகீறியே யக்கா, இது நாயமா?"

"பாதர் கழுவறது ஒரு காலு. நீ ஊட்டுக்கு நடந்து போறது எத்தினி கால்ல?"

குனிந்து தன் கால்களைப் பார்த்தார். ஐந்தும் ஐந்தும் பத்து விரல், எல்லாம் இருந்தன.

காட்டுகிற காலை எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள். பூட்ஸுக்குள் ஒளிந்திருக்கிற காலைத்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. இந்த வேலையில் நான் கற்றது அவ்வளவுதான். துண்டுகளைத் துவைத்துக் கொடுத்துவிட்டேன், அந்தப் பொய்க்கும் கணக்கு தீர்ந்தது.

அடுத்த வருடம் பெஞ்சுக்கு அவர் பேர் வரவில்லை. ஆனாலும் தவக்காலம் தொடங்கியதும் கிளினிக் வாசலில் அந்தோணிசாமி நின்றார். பூட்ஸைக் கழற்றி, தலைகீழாக இரண்டு முறை தட்டி உதறிவிட்டு உள்ளே வந்தார். முக்காலியில் முதலில் தூக்கி வைத்தது இடது காலை.