ஊது டாக்டர்

அந்த வட்டாரத்தில் அவருடைய பெயர் பலருக்குத் தெரியாது. ஊது டாக்டர் என்றால் தெரியும். அடுப்புப் புகை வீட்டிலிருப்பவர்களின் நுரையீரலை என்ன செய்கிறது என்று பதினாறு வருடம் ஆராய்ந்த பெண் டாக்டர். வருடத்துக்கு ஒருமுறை இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளின் கதவைத் தட்டி, மூச்சை அளக்கும் குழாயை நீட்டி, "ஒரே மூச்சுல ஊதுங்க" என்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பேருந்திலிருந்து இறங்கியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. ஐம்பத்தோரு வயது.

"எல்லா வீட்டுக்கும் ஒரு கடிதம் போட்டுடலாம்," என்றார் ஆய்வு நிலைய இயக்குநர்.

"நேர்ல போய்ச் சொல்லிடறேன் சார்," என்றார் தையலக்கா.

தையல் கடை மூடிப்போனதால், நாற்பது வயதுக்கு மேல் இந்தக் கணக்கெடுப்பு வேலைக்கு வந்தவர் அவர். பள்ளிப் படிப்போடு சரி. டாக்டரைவிட நான்கு வயது மூத்தவர் என்பதால், வேலை கற்றுக்கொடுத்த டாக்டரே அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார். எதிரே இருப்பவரின் வாயில் பதிலைத் திணிக்காமல் கேள்வி கேட்பது எப்படி என்று ஒரு மாதம் கூடவே நடந்து சொல்லிக்கொடுத்தார்.

இரண்டாம் வருடம் ஒரு நாள், தையலக்காவுக்குக் கால் வலி உயிர் போனது. கடைசி வீடு மாடியில். ஏறாமலே, அங்கிருந்த பெரியவரின் போன வருடத்து மூச்சு எண்ணில் பத்தைக் குறைத்து எழுதிவிட்டு வீடு திரும்பினார்.

மறுநாள் டாக்டர் தாளை எடுத்து வைத்தார். "அக்கா, இந்தப் பெரியவர் இறந்து பத்து நாள் ஆச்சு. நான் துக்கத்துக்குப் போயிட்டு வந்தேன். நேத்து உங்ககிட்ட எப்படி ஊதினாரு?"

தையலக்கா எழுந்து நின்றார். "வேலையை விட்டுடறேன்மா."

"விட்டுட்டா அந்த வீட்டுக்கு யாரு போறது? கிளம்புங்க."

இருவரும் போனார்கள். தாளில் நடந்த தப்பைப் பற்றி டாக்டர் மூச்சே விடவில்லை. பெரியவரின் மனைவி பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பும் வழியில்தான் சொன்னார்: "கால் வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்க, நாளைக்குப் போய்க்கலாம். இல்லாத மூச்சை எழுதாதீங்க. இதை நம்பி எங்கேயோ ஒருத்தருக்கு மருந்து கொடுப்பாங்க."

அடுத்த வாரம் பட்டியலைப் பார்த்தால், மாடி வீடுகள் எல்லாவற்றுக்கும் எதிரே டாக்டர் தன் பெயரை எழுதியிருந்தார். அதற்குப் பிறகு தையலக்கா ஒரு எண்ணைக்கூட இட்டுக்கட்டியதில்லை.

இப்போது டாக்டரின் சாவைச் சொல்ல அந்த மாடிகளிலும் தையலக்காவே ஏறினார். ஒன்பது நாள் ஆனது. ஒவ்வொரு வீட்டிலும் டாக்டரைப் பற்றி ஒரு சொல் காத்திருந்தது. வெல்டிங் பட்டறைக்காரர் முகக் கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "இவ்வளவு உடம்பு வெச்சிருக்கேன், அந்தக் குழாயில அவங்கதான் என்னை ஜெயிச்சாங்க," என்றார். சிரிக்கத் தொடங்கி, முடிக்க முடியாமல் உள்ளே போய்விட்டார்.

கடைசி நாள், மூன்றாம் மாடி. பட்டியலில் அந்த வீட்டுக்கு நேரே வருடம் தவறாமல் 'மறுத்தார்' என்றே இருந்தது. கதவு பாதிதான் திறந்தது.

"ஊதமாட்டேன்னு சொல்லியாச்சே," என்றார் உள்ளேயிருந்த பெண்மணி.

"ஊத வேண்டாம்மா. டாக்டர் தவறிட்டாங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

கதவு முழுதாகத் திறந்தது. அந்தப் பெண்மணி வாசலுக்கு வந்தார்.

"வருஷா வருஷம் வருவாங்க. வேண்டாம்பேன். சரிம்மான்னு எழுதிக்குவாங்க. அப்புறமும் உட்கார்ந்து ஒரு மணி நேரம் என் பொண்ணைப் பத்திக் கேட்பாங்க. அவ இருமி இருமித்தான் போனா. அந்தக் குழாயைப் பார்த்தாலே எனக்கு ஆகாது. அது அவங்களுக்குத் தெரியும்."

தையலக்காவுக்கு இது தெரியாது. தாளில் அந்த மகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

"அவங்களுக்குன்னு யாரு இருந்தாங்க?" என்று கேட்டார் பெண்மணி.

"ஒரு தம்பி. அப்புறம் நாங்கதான்," என்று சொல்லும்போதே தையலக்காவுக்குக் குரல் உடைந்தது. ஒன்பது நாளும் அழாதவர்.

பெண்மணி நாற்காலியை இழுத்துப் போட்டார். "உட்காருங்க. மூணு மாடி ஏறி வந்திருக்கீங்க."