கூண்டுக் குருவியும் அரை கிளாஸ் டீயும்

அரை கிளாஸ் டீ. தாராவியில் நான் வேலை பார்த்த தோல்பைப் பட்டறையில் அதற்குப் பொருளே வேறு. என் அக்கா புருஷன், அதாவது மச்சான், கதை படித்துக்கொண்டே அந்த கிளாஸை எடுத்து ஒரு வாய் உறிஞ்சினால், புத்தகத்தில் எதையோ தாண்டிவிட்டார் என்று அர்த்தம்.

பதினோரு மணிக்கு மெஷின்களை நிறுத்திவிட்டுப் பசை ஒட்டும் வேலைக்கு உட்காருவோம். ஆறு பேரில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் மச்சான் ஒருவர்தான். நானெல்லாம் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு நிம்மதி கொடுத்தவன். அவர் ஒரு மணி நேரம் படிப்பார். அவர் பங்குக் கைப்பிடிகளை நாங்கள் எங்களுக்குள் பிரித்துக்கொண்டு ஒட்டிவிடுவோம். முதலாளியும் தடுக்கவில்லை; அவ்வப்போது வாசலில் நின்று அவரும் கேட்பார். ஒரே ஒரு நிபந்தனை: "கதை படி. வேலைநிறுத்தம் கிலைநிறுத்தம்னு வந்தா தாண்டிப் போயிரு. இல்லன்னா புஸ்தகத்தோட நீயும் வெளிய."

அந்த வருடம் கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் அட்டை போன நாவல் ஒன்று மச்சானுக்குக் கிடைத்தது. ஓர் ஊரில் அரசாங்கம் தினமும் ஒரு சொல்லைத் தடை செய்யும். தடை போடும் அதிகாரியின் மேசையில், கூண்டுக்குள் ஒரு மஞ்சள் குருவி. பாடவே பாடாது. கதை எங்களைப் பிடித்து ஆட்டியது. ஆனால் ஒரு வரியில் அச்சுக் கோத்துக்கொண்டிருந்தவன் அடுத்த வரியில் ஜெயிலில் இருப்பான். நடுவில் டீ.

"அந்தக் குருவி நம்மதாம்ல" என்றார் பசை காய்ச்சும் அண்ணாச்சி.

"நம்ம எங்க அண்ணாச்சி வாய மூடுதோம்? அது மச்சான்லா. டீ குடுத்தா கம்முன்னு ஆயிருதுல்லா" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். மச்சான் சிரிக்கவில்லை. கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பக்கங்களைப் பின்னால் புரட்டினார். அக்காவுக்கு அப்போது ஏழு மாதம். வேலை போனால் என்ன ஆகும்? "மச்சான், சும்மா மஸ்தி பண்ணேன், வெளாட்டுக்குச் சொன்னது, விடுங்க" என்று கெஞ்சினேன். அவர் விடவில்லை. தாண்டிய இடங்களையெல்லாம் சத்தமாகப் படித்தார். அச்சகத்து ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு ஒவ்வொருவராக எழுந்து வெளியே நடக்கும் இடம் வந்தது. பசை என் கையிலேயே காய்ந்துவிட்டது. நிமிர்ந்தால், வாசலில் முதலாளி.

"நாளைக்கு வராண்டாம்."

மச்சான் புத்தகத்தைத் தன் ஸ்டூலில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் பதினோரு மணிக்கு அண்ணாச்சி அந்த ஸ்டூலில், புத்தகத்துக்குப் பக்கத்தில், அரை கிளாஸ் டீ வைத்தார். யாரும் அதைத் தொடவில்லை. டீயில் ஆடை கட்டியது. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் முதலாளி என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏல, அந்தக் குருவி கடைசில பாடிச்சா இல்லியா?"

"தெரியாது மொதலாளி. எங்களுக்குப் படிக்கத் தெரியாதுல்லா. தெரிஞ்சவர நீங்கதான் அனுப்பிட்டிய."

முதலாளி ஸ்டூலில் இருந்த கிளாஸைப் பார்த்தார். "போய்க் கூட்டியால" என்றார்.

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். மச்சான் வந்தார். "இனி ஒரு வரிகூட தாண்ட மாட்டேன் மொதலாளி" என்றார். முதலாளி ஒரு பசை டின்னை இழுத்துப் போட்டு எங்களோடு உட்கார்ந்தார்.

அக்கா மகள் இப்போது இரண்டாம் வகுப்பு. என்னைவிட அதிகம் படித்துவிடுவாள் போலிருக்கிறது. மச்சான் பேப்பரைப் படித்துக்கொண்டே டீயை எடுத்தால் போதும், "எதை மறைக்கீங்க மச்சான்?" என்று கேட்காமல் நான் விடுவதில்லை.

கடைசிப் பக்கத்தில் குருவி என்ன செய்தது என்றுதானே கேட்கிறீர்கள்? இருங்கள், என் டீ ஆறுகிறது.